இரண்டு ஆல்பம், இரண்டு துறைமுகம்: மார்க்கி த சாத் குழுவின் ஊரில்

வெள்ளிக்கிழமை, பாரிஸிலிருந்து ரென்

மார்க்கி த சாத் என்ற குழுவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நண்பர்கள் முதலில் அந்தப் பெயரிலேயே நின்றுவிடுகிறார்கள். 18-ஆம் நூற்றாண்டு எழுத்தாளர் ஒருவரின் பெயர் அது, சரி, அதை அங்கேயே விட்டுவிடுவோம். நான் சொல்வது 1977-இல் மேற்கு பிரான்ஸில் இருக்கிற ரென் நகரத்தில் தொடங்கி 1981-இல் கலைந்துபோன ஒரு நியூ வேவ் குழுவை, அதாவது பங்க் இசைக்குப் பின்னால் வந்த ராக் வகை. இரண்டு ஆல்பம், சில சிங்கிள்கள், நாலு வருஷம், அவ்வளவுதான். ஆனால் எழுபதுகளின் கடைசியில் பிரெஞ்சு ராக் இசை எங்கே திரும்பியது என்று எழுதுகிற யாரும் இவர்களைத் தாண்டிப் போவதில்லை. ரென் நகரத்துக்கு இன்றைக்கு இருக்கிற ராக் ஊர் என்ற பெயரும் பெரும்பாலும் இவர்களிடமிருந்துதான் தொடங்குகிறது. ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிற குழு. அவர்கள் புழங்கிய தெருக்களைப் பார்க்க வேண்டும், அந்தப் பாட்டுகளை அங்கேயே நடந்துகொண்டு கேட்க வேண்டும் என்று கிளம்பிவிட்டேன்.

பாரிஸ் மோன்பர்னாஸ் நிலையத்திலிருந்து ரென்னுக்கு டிஜிவி ரயிலில் ஒன்றரை மணி நேரம்கூட ஆகவில்லை. 2017-இல் புது அதிவேகப் பாதை திறந்த பிறகுதான் இந்த வேகம். எழுபதுகளில் கிடாரைத் தூக்கிக்கொண்டு ரென்னிலிருந்து பாரிஸ் போய் ஒரு ரெக்கார்டு கம்பெனி வாசலில் நிற்பது என்பது ஒரு நாள் வேலை. சுமார் 350 கிலோமீட்டர். பாரிஸ்காரர்கள் ரென் இருக்கிற பிரிட்டனி பக்கம் என்றாலே மழை, மீன், கிராமம் என்று நினைத்த காலம் அது.

அந்தக் காலத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் இவர்கள் செய்தது என்ன என்று புரியாது. லண்டனில் 1976-இல் பங்க் என்ற முரட்டு ராக் இசை வெடித்தபோது பிரான்ஸிலும் அங்கங்கே தீப்பொறி விழுந்தது. பாரிஸின் ஸ்டிங்கி டாய்ஸ் குழு அதே வருஷம் லண்டன் 100 கிளப்பில் நடந்த பங்க் விழாவிலேயே வாசித்தது. லியோன் நகரத்தில் ஸ்டார்ஷூட்டர், மாரி எ லே கார்சோன் என்று இரண்டு குழுக்கள். இரண்டாவது குழுவுக்கு வெல்வெட் அண்டர்கிரவுண்டின் ஜான் கேல் நியூயார்க்கில் பாட்டு தயாரித்துக் கொடுத்தார். இதில் பெரும்பாலானவை சில வருஷத்துக்குள் முடிந்துபோனவை. ஸ்டிங்கி டாய்ஸ் 1979-இல் முடிந்தது. பிரான்ஸில் இந்தத் தலைமுறையின் குழுக்களுக்கு ஆயுசு குறைவு. கம்பெனிகளுக்கு இவர்களை என்ன செய்வதென்று தெரியவில்லை, வானொலி வெகுஜன மெல்லிசையை விட்டு இறங்கவில்லை, ஊர் ஊராக வாசிக்க ஒழுங்கான அரங்குகளும் இல்லை. மார்க்கி த சாத் கலைந்ததற்குக் காரணம் வேறு, அதை ப்ரெஸ்ட் என்ற துறைமுக ஊருக்குப் போனதும் சொல்கிறேன்.

ரென் வந்து சேர்ந்தபோது மாலை. மெட்ரோ பிடித்து சேன்ட் ஆன் சதுக்கத்தில் ஏறினால் எதிரில் மரச்சட்டம் போட்டுக் கட்டிய பழைய வீடுகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்துகொண்டு, சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாக. 1720-இல் பெரிய தீ விபத்தில் இந்த ஊரின் நடுப்பகுதி பல நாள் எரிந்தது, அதில் தப்பியது இந்த மாதிரி ஓரங்கள்தான். எரிந்த பகுதியைக் கல்லில் நேர்த்தெருக்களாகத் திரும்பக் கட்டினார்கள். அதனால் இந்த ஊரில் பத்து நிமிஷம் நடந்தால் இரண்டு ஊர் பார்க்கலாம், ஒன்று கோணல் மாணல், இன்னொன்று அளவெடுத்தது.

சதுக்கத்திலிருந்து பிரிகிற சேன் மிஷெல் தெருவை ஊர்க்காரர்கள் தாகத் தெரு என்கிறார்கள். வரிசையாக மதுக்கடைகள். வெள்ளிக்கிழமை என்பதால் தெருவே மாணவர்களால் நிரம்பியிருந்தது, கடைக்குள்ளே இருப்பவர்களைவிட வெளியே கல் தரையில் நிற்பவர்கள் அதிகம். இந்த ஊர் ராக் ஊரானதற்கு இந்தக் கூட்டம்தான் முதல் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. இரண்டு பெரிய பல்கலைக்கழகங்கள் இருக்கிற நடுத்தர அளவு ஊர். இருபது வயதுக்காரர்கள் எப்போதும் வந்துகொண்டே இருப்பார்கள், அவர்களுக்கு இரவில் போக ஒரு இடம் வேண்டும். இரண்டாவது காரணம் அரசியல். 1977 நகராட்சித் தேர்தலில் சோஷலிஸ்ட் கட்சியின் எத்மோன் எர்வே மேயரானார், 2008 வரை அவரேதான். கலாச்சாரத்துக்குக் காசு ஒதுக்கிய நகராட்சி அது. மூன்றாவதாக, சேன் மாலோ துறைமுகம் இங்கிருந்து 70 கிலோமீட்டர்தான், அங்கிருந்து 1976 முதல் போர்ட்ஸ்மவுத்துக்குப் படகு. இங்கிலாந்து இவர்களுக்கு எட்டாத தூரமில்லை.

குழுவைத் தொடங்கியவர்கள் ஃப்ராங்க் தார்செல் என்ற கிடார்காரரும் கிறிஸ்தியன் தார்ஜலோஸும். தார்ஜலோஸ் சீக்கிரமே விலகிப்போய் லே நியூ என்ற குழுவைத் தொடங்கினார். பாட வந்தவர் ஃபிலிப் பஸ்கால், அதே ஊரில் இன்னொரு குழுவில் இருந்தவர். பேஸ் கிடார் தியெரி அலெக்ஸாந்தர், டிரம்ஸ் எரிக் மொரினியேர். இவர்களோடு சாக்ஸபோன் தனியல் பாபெஃப். பெயர்களை வரிசையாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்த ஆட்கள்தான் அடுத்த பத்து வருஷத்துக்கு ரென்னிலிருந்து வந்த பல ஆல்பங்களின் பின்னட்டையில் மாறி மாறி வருகிறார்கள்.

சனிக்கிழமை, ரென்

சனிக்கிழமை காலை ரென்னில் இருந்தால் லீஸ் சதுக்கத்துச் சந்தைக்குப் போகாமல் இருக்க முடியாது. பிரான்ஸின் பெரிய சந்தைகளில் ஒன்று. ஒரு பக்கம் சிப்பியும் நண்டும், இன்னொரு பக்கம் ஆப்பிள் சாறு விற்கிறவர்கள், நடுவில் கலெத் சோசிஸ் வண்டிகளின் முன் நீண்ட வரிசை. கலெத் என்பது இங்கே கறுப்புக் கோதுமை என்று சொல்கிற பக்வீட் மாவில் ஊற்றுவது, நம்ம ஊர் கோதுமை தோசை மாதிரி இருக்கும், ஆனால் நிறம் சாம்பல் கலந்த பழுப்பு. வாட்டிய பன்றி இறைச்சி சாசேஜைச் சுடச்சுட அதில் வைத்து, ஆறிய கலெத்தால் இறுக்கச் சுற்றி, பாதி வரை தாள் சுற்றிக் கையில் கொடுக்கிறார்கள். சாஸ் கேட்கக்கூடாது, கடுகு கேட்டால்கூட முறைக்கிற ஊர்க்காரர்கள் உண்டு. முதல் கடியில் வெறும் மாவு, அதற்கப்புறம்தான் உப்பும் கொழுப்பும் வருகிறது. நின்றுகொண்டே சாப்பிட வேண்டிய பண்டம்.

சந்தையிலிருந்து சில நிமிஷம் நடந்தால் சேன் லூயி தெருவில் சால் த லா சித்தே. இதைப் பார்க்கத்தான் வந்தேன். 1920-களில் தொழிலாளர்களுக்கான மக்கள் மன்றமாகக் கட்டியது. தெருவைப் பார்த்த கனமான முகப்பு, உள்ளே மேடையும் அரங்கமும். அரசியல் கூட்டங்கள், தொழிற்சங்கக் கூட்டங்கள், நடனம் எல்லாம் நடந்த இடம். 2016-இல் தொழிலாளர் சட்டத் திருத்தத்தை எதிர்த்தவர்கள் இதை ஆக்கிரமித்துக்கொண்டார்கள், அப்புறம் போலீஸ் வந்து வெளியேற்றியது. நான் போனபோது கதவு சாத்தியிருந்தது. எதிர்ப்பக்க நடைபாதையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

1979 ஜூனில் இந்த அரங்கத்தில்தான் த்ரான்ஸ் மியூசிகால் விழாவின் முதல் பதிப்பு நடந்தது. தெராபன் என்ற சின்ன அமைப்பு ஊரில் கச்சேரிகள் நடத்திக் கடனில் மாட்டிக்கொண்டது, அந்தக் கடனை அடைக்க உள்ளூர்க் குழுக்களையே மேடையேற்றி ஒரு விழா போடலாம் என்று யோசித்தார்கள். பின்னால் இருந்தவர்கள் ழான் லூயி ப்ரோசார், எர்வே போர்தியே, பியாத்ரிஸ் மாசே. மேடையேறிய குழுக்களில் மார்க்கி த சாத்தும் ஒன்று. குழுவின் முதல் சிங்கிள் 'ஏர் டைட் செல்' 1978-இல் வெளிவந்ததும் இதே தெராபன் பெயரில்தான். அதாவது பாரிஸ் கம்பெனி தேடி வருவதற்கு முன்பே இந்த ஊரில் ரெக்கார்டு போட ஒரு கூட்டம் இருந்தது, மேடை போட ஒரு கூட்டம் இருந்தது, கேட்க ஒரு கூட்டமும் இருந்தது. இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். குழு ஊரை உண்டாக்கியதா, ஊர் குழுவை உண்டாக்கியதா என்று பிரிக்க முடியாதபடி இரண்டும் ஒரே நேரத்தில் நடந்திருக்கிறது.

மதியம் சாம்ப் லீப்ர் போனேன். 2006-இல் திறந்த பெரிய கட்டடம், கிறிஸ்தியன் த போர்ட்ஸாம்பார்க் வடிவமைத்தது. நூலகம், அறிவியல் மையம், பிரிட்டனி அருங்காட்சியகம் மூன்றும் ஒரே கூரைக்குக் கீழே. அருங்காட்சியகத்தில், துரோகி என்று பொய்யாகக் குற்றம் சாட்டப்பட்ட யூத ராணுவ அதிகாரி தரேஃபுஸின் வழக்குக்கென்று தனிப் பகுதி இருக்கிறது, 1899-இல் அவருக்கு இரண்டாவது விசாரணை நடந்தது ரென்னில்தான். அதைப் பார்க்கவே அரை நாள் வேண்டும், இந்தத் தடவை வேகமாகத்தான் பார்க்க முடிந்தது.

மாலையில் விலேன் ஆற்றங்கரையில் உட்கார்ந்து முதல் ஆல்பம் 'தான்ட்ஸிக் ட்விஸ்ட்' முழுவதையும் கேட்டேன். 1979-இல் பாத்தே மார்கோனி வெளியிட்டது. கிடார் வறண்டு, கூர்மையாக, ஒரு இடத்தில்கூட வழியாமல் நிற்கும். பங்க் வேகம் அங்கங்கே தெரிந்தாலும் அதில் இருக்கும் கும்மாளம் இதில் இல்லை. டிரம்ஸ் அணிவகுப்பு மாதிரி நேராகப் போகும், அதன் குறுக்கே சாக்ஸபோன் கிறீச்சிடும். வெல்வெட் அண்டர்கிரவுண்ட், டெலிவிஷன் ஆகிய நியூயார்க் குழுக்கள், பெர்லினில் இருந்த காலத்து டேவிட் போவி என்று மூன்று வாசனையும் வரும். பெரும்பாலும் ஆங்கிலத்தில் பாடினார்கள், ஆனால் அந்தப் பாட்டுகளின் உலகம் இங்கிலாந்து இல்லை, அமெரிக்காவும் இல்லை. நடு ஐரோப்பா. இரண்டு போர்களுக்கு நடுவில் இருந்த ஜெர்மனி, அதற்கப்புறம் வந்த இருட்டு. ஒரு பாட்டின் பெயர் 'நாஹ்ட் உண்ட் நேபெல்'. இரவும் பனிமூட்டமும் என்ற அந்தப் பெயரில் 1941-இல் நாஜிகள் ஓர் ஆணை போட்டார்கள், பிடிபட்ட எதிர்ப்பாளர்களை ஒரு சுவடும் இல்லாமல் காணாமல் ஆக்குவதற்கு.

அடுத்து 'கான்ராட் வைட்'. இதுதான் என்னை இந்தக் குழுவிடம் இழுத்த பாட்டு. கான்ராட் வைட் ஜெர்மன் மௌனப்பட நடிகர், 1920-இல் வந்த ஒரு புகழ்பெற்ற திகில் படத்தில் தூக்கத்தில் நடக்கிறவனாக வருவார், கறுப்பு உடை, வெளுத்த முகம், கண்ணைச் சுற்றி மை. மனைவி யூதர் என்பதால் 1933-இல் ஜெர்மனியை விட்டுப் போனவர். ஃபிலிப் பஸ்கால் இந்தப் பாட்டைப் பாடுகிற பழைய தொலைக்காட்சிப் பதிவைப் பார்த்தால் புரியும். கோட்டு, டை, குட்டையாக வெட்டிய முடி. மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றவர் திடீரென்று தோளை மேலே தூக்குவார், ஒரு கை முழங்கையோடு மடங்கி விரல்கள் விரிந்து அப்படியே உறையும், கண் கேமராவைத் தாண்டி எங்கேயோ நிலைகுத்தும், அப்புறம் உடம்பு மொத்தமும் ஒரு வெட்டில் வேறு பக்கம் திரும்பும். ராக் பாடகர்கள் மேடையில் செய்கிற குதிப்பும் இடுப்பாட்டமும் எதுவும் இல்லை. அந்த நடிகரின் உடம்பை வாங்கித் தன் உடம்பில் போட்டுக்கொண்ட மாதிரி. பயமும் அழகும் ஒன்றாக இருக்கும். எத்தனையோ பேர் அதற்கப்புறம் இந்த விறைத்த உடல்மொழியை எடுத்துக்கொண்டார்கள், எனக்கு இவரிடம் நம்பிக்கை வருகிற அளவுக்கு வேறு யாரிடமும் வரவில்லை.

ஆக்சுவேல் பத்திரிகை 1980 வாக்கில் இந்தத் தலைமுறைக்கு நவீன இளைஞர்கள் என்று பெயர் வைத்தது. பாரிஸ் குழுக்களான டாக்ஸி கேர்ல், எல்லி எ ழாக்னோ எல்லோரும் அந்தப் பட்டியலில் வருவார்கள். சின்தசைசர், சுத்தமான சட்டை, நகர இரவு. மார்க்கி த சாத்தையும் அதில் சேர்ப்பார்கள், சட்டையைப் பார்த்தால் சரிதான், பாட்டைக் கேட்டால் இவர்கள் கொஞ்சம் தள்ளித்தான் நிற்கிறார்கள். மற்றவர்கள் வரப்போகிற எண்பதுகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது இவர்கள் பின்னால் திரும்பி, இடிந்துபோன ஐரோப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை, ப்ரெஸ்ட்

காலை ரயில் பிடித்து ப்ரெஸ்ட். இரண்டு மணி நேரப் பயணம். வழியில் மொர்லே ஊருக்கு மேலே உயரமான கல் பாலத்தில் ரயில் போகும், கீழே வீடுகளின் கூரையும் படகுகளும் தெரியும், ஜன்னல் பக்கம் உட்காருங்கள்.

ப்ரெஸ்ட் போனதற்குக் காரணம் ஒரு தெரு. குழுவின் இரண்டாவது ஆல்பத்தின் பெயர் 'ரூ த சியாம்', 1981. சியாம் தெரு. ப்ரெஸ்டின் முக்கியத் தெரு அது. 1686-இல் சியாம் நாட்டு மன்னர் நாராய் பதினான்காம் லூயிக்கு அனுப்பிய தூதர்கள் இந்தத் துறைமுகத்தில்தான் இறங்கினார்கள், பரிசுப்பொருட்களோடு இந்த வழியாக ஊருக்குள் வந்தார்கள், பிறகு வெர்சாய் போய்க் கண்ணாடி மண்டபத்தில் மன்னரைப் பார்த்தார்கள். அந்த ஊர்வலத்தின் நினைவாகத் தெருவுக்குப் பெயர் மாறியது.

அந்தக் காலத்துக் கல் ஒன்றுகூட இன்று தெருவில் இல்லை. ஜெர்மானியர்கள் இங்கே நீர்மூழ்கிக் கப்பல் தளம் கட்டியதால் நேச நாட்டு விமானங்கள் வருஷக்கணக்கில் குண்டு போட்டன. 1944 ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் நடந்த முற்றுகையில் ஊரின் மையம் தரைமட்டமானது. அப்புறம் ழான் பாத்தீஸ்த் மத்தோன் என்ற கட்டடக் கலைஞரின் திட்டப்படி புதிதாகக் கட்டினார்கள். நேர்கோட்டுத் தெருக்கள், ஒரே உயரத்தில் வெளுத்த கட்டடங்கள். லீபெர்த்தே சதுக்கத்தில் நின்று பார்த்தால் சியாம் தெரு சரிந்து இறங்கி நேராகக் கடல் பக்கம் போகிறது, நடுவில் டிராம் தண்டவாளம், அது 2012-இல் வந்தது. தெருவின் நடுவில் மார்த்தா பான் வடித்த கறுப்புக் கருங்கல் நீரூற்றுகள், 1988-இல் வைத்தவை. ஞாயிற்றுக்கிழமை, கடைகள் எல்லாம் மூடல், தூறல், டிராம் மட்டும் அரைக்கூட்டத்தோடு போய்க்கொண்டிருந்தது.

இந்தத் தெருவில் இறங்கி நடந்தபோதுதான் ஒன்று தோன்றியது. முதல் ஆல்பத்தின் பெயரில் இருப்பது தான்ட்ஸிக், பால்டிக் கடல் துறைமுகம், இரண்டாம் உலகப்போர் தொடங்கிய இடம், 1945-இல் அழிந்த ஊர். இரண்டாவதில் இருப்பது ப்ரெஸ்ட், அட்லாண்டிக் துறைமுகம், 1944-இல் அழிந்த ஊர். ஐரோப்பாவின் இரண்டு கரையிலும் இருக்கிற இரண்டு துறைமுகம், இரண்டும் குண்டில் பொடியானவை, இரண்டும் திரும்பக் கட்டியவை. திட்டமிட்டுத்தான் வைத்தார்களா என்பதைவிட, ஐம்பதுகளில் பிறந்த இவர்கள் வளர்ந்தது இப்படித் திரும்பக் கட்டிய ஊர்களுக்கு நடுவில் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பெரியவர்கள் பேச விரும்பாத போரைப் பிள்ளைகள் கிடாரில் எடுத்தார்கள்.

தெரு முடிகிற இடத்தில் ரெக்கூவ்ரான்ஸ் பாலம். நான்கு பெரிய கான்கிரீட் தூண்கள், நடுப்பகுதியை அப்படியே மேலே தூக்கிக் கப்பலுக்கு வழி விடுகிற மாதிரி 1954-இல் கட்டியது. கீழே பென்ஃபெல்ட் ஆறு, இரண்டு கரையிலும் கடற்படைத் தளம். விரிகுடாவுக்கு அந்தப் பக்கம் லீல் லோங், பிரான்ஸின் அணு ஆயுத நீர்மூழ்கிகள் இருக்கிற இடம். ஆல்பத்தில் 'சப்மரீன்ஸ் அண்ட் ஐஸ்பெர்க்ஸ்' என்று ஒரு பாட்டு உண்டு, பாலத்தின் கைப்பிடியில் சாய்ந்துகொண்டு அதைத்தான் முதலில் போட்டேன்.

இந்த ஆல்பத்தைத் தயாரித்தவர் ஸ்டீவ் நை, அதே வருஷம் ஜப்பான் என்ற ஆங்கிலக் குழுவின் 'டின் டிரம்' ஆல்பத்திலும் வேலை செய்தவர். வித்தியாசம் முதல் நிமிஷத்திலேயே தெரியும். சத்தம் சுத்தமாகிவிட்டது, பேஸ் முன்னால் வந்துவிட்டது, தாளம் வளைகிறது, சாக்ஸபோன் கிறீச்சிடாமல் பாடுகிறது. நியூயார்க் வெள்ளைக்காரர்கள் வாசித்த ஃபங்க் என்ற ஆட்ட இசையை இவர்கள் கேட்டிருக்கிறார்கள் என்று தெரிகிறது. 'வாண்டாஸ் லவிங் பாய்' இந்தக் குழுவின் மிக அழகான பாட்டு என்று நான் நினைக்கிறேன், பஸ்கால் குரல் அதில் கட்டளையிடாமல் கெஞ்சுகிறது. முதல் ஆல்பம்தான் உசத்தி என்று சண்டை போடுகிறவர்கள் நிறைய. எனக்கு நேற்று வரை அப்படித்தான் இருந்தது. இந்தத் தெருவில் கேட்டபிறகு இரண்டாவதை விட்டுக்கொடுக்க மனமில்லை.

ஆனால் இதே ஆல்பத்தில்தான் பிளவும் கேட்கிறது. தார்செல் போக நினைத்தது இந்தத் தாளத்தின் பக்கம், ஆடக்கூடிய, திறந்த ஓர் இசைக்கு. பஸ்கால் இழுத்தது உள்ளே, இருட்டுக்கு, இன்னும் கனமான ஒன்றுக்கு. இரண்டு பேரும் ஒரே அளவு பிடிவாதக்காரர்கள், ஒரே அளவு தேவையானவர்கள். இசைக்குழு என்பது இந்த மாதிரி இழுபறியில்தான் நன்றாக வரும், இழுபறி தாங்காதபோது அறுந்துவிடும். 1981-இல், ஆல்பம் வந்த வருஷமே, மார்க்கி த சாத் முடிந்தது. ஆளுக்கு இருபத்துச் சொச்சம் வயது.

இன்னும் நாலு ஆல்பம் செய்திருக்கலாமே என்ற வருத்தம் எனக்குப் பல வருஷம் இருந்தது. இப்போது அந்த வருத்தம் இல்லை. முதல் ஆல்பத்துக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் இரண்டே வருஷத்தில் இவர்கள் கடந்த தூரத்தைப் பார்த்தால், மூன்றாவது ஆல்பம் என்பது ஒன்றாக இருந்திருக்க முடியாது, இரண்டு வேறு வேறு ஆல்பங்களாகத்தான் இருந்திருக்கும். நடந்ததும் அதுதான்.

திங்கட்கிழமை, மறுபடி ரென்

பஸ்கால் உடனே மார்க் செபர்க் என்ற குழுவைத் தொடங்கினார், கிடார்காரர் அன்ஸியாவையும் சேர்த்துக்கொண்டு. எண்பதுகள் முழுக்க அது ஓடியது, ஆங்கிலம் குறைந்து பிரெஞ்சு வந்தது. தார்செல் ஒக்தோப்ர் என்ற குழுவை வைத்தார், கூடவே மற்றவர்களுக்குத் தயாரிப்பாளராகவும் ஆனார். அந்த மற்றவர்களில் ஒருவர் எத்தியென் தாஓ.

தாஓவை இன்று பிரான்ஸில் தெரியாதவர் கிடையாது. அல்ஜீரியாவின் ஓரான் நகரத்தில் பிறந்து ரென்னில் வளர்ந்தவர், இங்கே பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் படித்தவர். ஸ்டிங்கி டாய்ஸ் குழுவை 1978-இல் ரென்னுக்கு அழைத்து வந்து கச்சேரி நடத்திய ரசிகர். 1980 டிசம்பரில் த்ரான்ஸ் மியூசிகால் இரண்டாவது பதிப்பில் முதல் தடவையாக மேடையேறினார். 1981-இல் வந்த அவருடைய முதல் ஆல்பத்தை ஸ்டிங்கி டாய்ஸின் ழாக்னோ தயாரித்தார், வாசித்தவர்கள் மார்க்கி த சாத் ஆட்கள். 1984-இல் வந்த இரண்டாவது ஆல்பம் 'லா நோத்தே, லா நோத்தே', அதைத் தயாரித்தது தார்செல், அதில் இருந்த 'வீக்எண்ட் அ ரோம்' நாடு முழுக்க ஓடியது. கான்ராட் வைட்டின் இருட்டுக்கும் ரோமில் ஒரு வாரக்கடைசி போகலாம் என்கிற அந்த வெயில் பாட்டுக்கும் நடுவில் ஐந்து வருஷம், கிடார்காரர் ஒரே ஆள்.

விலகிப்போன தார்ஜலோஸின் லே நியூ குழு 'ஜானி கோலேர்' என்ற பாட்டைப் போட்டது. 1996-இல் நுவார் தெஸீர் என்ற பிரெஞ்சு ராக் குழு அதைத் திரும்பப் பாடியது, அப்படித்தான் அடுத்த தலைமுறைக்கு அது தெரியவந்தது. நியாகரா குழுவும் ரென்தான். கடனை அடைக்க ஆரம்பித்த த்ரான்ஸ் மியூசிகால் இன்றும் ஒவ்வொரு டிசம்பரிலும் நடக்கிறது. 1991-இல் நிர்வாணா வந்தது, 1993-இல் ப்யோர்க் வந்தார். விழா நடத்துகிறவர்கள் 1987-இலிருந்து நடத்தும் ஊபு என்ற சின்ன அரங்கம் நாடகக் கொட்டகையின் பக்கத்தில் இருக்கிறது. பகலில் வெறும் கறுப்புக் கதவு, சுவர் முழுக்க வரப்போகிற கச்சேரிகளின் சுவரொட்டி. நின்று பெயர்களைப் படித்தேன், பாதிக்கு மேல் நான் கேள்விப்படாத குழுக்கள். அதில் சந்தோஷம்தான் வந்தது, யாருக்கும் தெரியாத குழுக்களுக்கு மேடை கொடுக்கிற வேலை இன்னும் நடக்கிறது.

திங்கட்கிழமை சாம்ப் லீப்ர் விடுமுறை, அதனால் அதன் பக்கத்துத் திடலில் ஆள் நடமாட்டம் குறைவு. அதே திடலில் இருக்கிறது லீபெர்த்தே அரங்கம். 2017 செப்டம்பர் 16 அன்று, முப்பத்தாறு வருஷம் கழித்து, மார்க்கி த சாத் இங்கே மறுபடி வாசித்தது. பஸ்கால், தார்செல், அலெக்ஸாந்தர், மொரினியேர், நாலு பேரும். டிக்கெட் எல்லாம் விற்றுப்போன இரவு. அதன் பதிவு வெளியாகியிருக்கிறது. தலை நரைத்த பஸ்கால் அதே தோளைத் தூக்குகிறார், அதே கை மடங்குகிறது, குரல் இன்னும் கனத்திருக்கிறது. பழைய ஆட்டத்தைத் திரும்பச் செய்கிற ஆளாக அவர் தெரியவில்லை. பாட்டு கேட்கிறது, உடம்பு கொடுக்கிறது, அவ்வளவு இயல்பு. அந்த வரவேற்பைப் பார்த்துவிட்டு மறுபடி கச்சேரிகளுக்குப் போனார்கள், புது ஆல்பம் செய்ய ஆரம்பித்தார்கள். 2019 செப்டம்பரில் ஃபிலிப் பஸ்கால் இறந்துபோனார், வயது 63.

மீதிப் பேர் அந்த வேலையைக் கைவிடவில்லை. சிமோன் மாயு என்ற இளம் பாடகரைச் சேர்த்துக்கொண்டு, பழைய பெயரின் பாதியை மட்டும் வைத்து, மார்க்கி என்ற பெயரில் 2021-இல் 'அவுரோரா' ஆல்பத்தை வெளியிட்டார்கள். பஸ்கால் இல்லாமல் முழுப்பெயரைப் பயன்படுத்தாமல் விட்டது எனக்கு மரியாதையான காரியமாகப் பட்டது. 2024 மார்ச்சில் ஃப்ராங்க் தார்செலும் போய்விட்டார், ஸ்பெயினின் கலீசியா கடற்கரையில். 65 வயது. கடைசி வரை பிரிட்டனியின் ராக் வரலாற்றை எழுதி, தொகுத்து, ஆவணமாக்கிக்கொண்டிருந்தவர். நான் இந்த இரண்டு ஊர்களில் தேடித் தேடிப் பார்த்த பலதும் அவர் மாதிரி ஆட்கள் எழுதி வைத்ததால்தான் கிடைத்தது.

பாரிஸ் ரயிலுக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது, ரென் நிலையத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். இதுவரை இந்தக் குழுவைக் கேட்டதில்லை என்று நிறையப் பேர் எழுதியிருந்தீர்கள், எங்கிருந்து ஆரம்பிப்பது என்றும் கேட்டிருந்தீர்கள். முதலில் 'கான்ராட் வைட்' பழைய தொலைக்காட்சிப் பதிவு, கேட்டால் மட்டும் போதாது, பார்க்க வேண்டும். அப்புறம் 'தான்ட்ஸிக் ட்விஸ்ட்' முழுசாக ஒரே மூச்சில், நடுவில் நிறுத்தாமல். அது பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் ஒரு வாரம் விட்டு 'வாண்டாஸ் லவிங் பாய்', அதிலிருந்து 'ரூ த சியாம்'. 2017 கச்சேரிப் பதிவைக் கடைசிக்கு வையுங்கள், இரண்டு ஆல்பமும் மனதில் ஏறிய பிறகு பார்த்தால்தான் அந்த அரங்கம் ஏன் அப்படிக் கத்துகிறது என்று தெரியும்.